‘போலே’ சொல்லியே பிழைத்தவன்

மென்பொருள் எழுதுற தொழிலுக்கு மூளை வேணும்னு வெளியே இருக்கிறவங்க நினைக்கிறாங்க. உள்ளே மாட்டிக்கிட்ட நமக்குத் தெரியும், தலையாட்டத் தெரிஞ்சா போதும். ஜார்ஜ் டவுன் ஆபீஸில் ஒன்பது வருஷமா ஆட்டுறேன். எங்க பாஸ் சிவநேசன் எதைக் கேட்டாலும் என் பதில் ‘போலே பாஸ்’. மலாய்ல முடியும்னு அர்த்தம். யோசிச்சேன்னு அர்த்தம் இல்ல.

ரெண்டு நாள்

ஒரு மீட்டிங்கில் பாஸ், “இந்த ரிப்போர்ட் பக்கத்துக்கு எத்தனை நாள் ஆகும்?”னு கேட்டார். மனசுக்குள்ள பத்து நாள்னு கணக்கு ஓடுது. வாய், “ரெண்டு நாள்ல போலே பாஸ்”னு சொல்லிடுச்சு. அப்புறமென்ன, தினமும் காலையில “நாளைக்கு முடிஞ்சிடும்” பாட்டுதான். பக்கத்து சீட் ஷாலினி, என்னைவிட எட்டு வயசு சின்னவ, அமைதியா கேட்டா: “அண்ணே, உங்க வாயை யார் வேலைக்கு எடுத்தது?”

ரெண்டு வினாடி

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்க மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். லைன்ல நிக்கிறவங்க சிப் அடுக்கின ஒவ்வொரு ட்ரேயையும் பார்த்து, திரையில் ‘ஓகே’ இல்லேன்னா ‘ரிஜெக்ட்’ அழுத்தணும். அழுத்தினதும் ‘நிச்சயமா?’னு திரை ஒருதரம் கேக்கும். அதுல ரெண்டு வினாடி வீணாகுது, எடுத்திடுங்கன்னு தொழிற்சாலைக்காரங்க மீட்டிங்ல சொன்னாங்க.

கிளவுஸ் போட்ட விரல் பக்கத்து பட்டன்ல படும்னுதான் அந்தக் கேள்வியையே நான் வச்சேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது ‘போலே’. பாஸ் என் முதுகில் தட்டிச் சொன்னார்: “இதுதான்லா புரொஃபெஷனல்.”

ஒரு கடுதாசி

ரெண்டே வாரம். கெட்டுப்போன ட்ரே ஒண்ணு ‘ஓகே’ ஆகி வெளியே போயிடுச்சு. அழுத்தின மேரி அக்காவுக்கு வார்னிங் கடுதாசி. இன்னொன்னு வந்தா வேலை போச்சு. “சிஸ்டம்ல கோளாறு இல்லன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுலா”ன்னார் பாஸ். வெக்கமில்லாம பாதி எழுதிட்டேன். மீதிக்கு மெஷினைப் பார்க்கணும்னு கடல் பாலத்து டிராஃபிக் ஜாமைத் தாண்டித் தொழிற்சாலைக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அக்கா மன்னிப்பு கேட்டாங்க. என்கிட்ட. அங்கேயே நின்னு பாஸுக்கு போன் போட்டு, “இந்த ரிப்போர்ட் என்னால முடியாது பாஸ். தப்பு நடக்கும்னு தெரிஞ்சுதான் நான் அந்தக் கேள்வியை எடுத்தேன்”ன்னேன். அதையே எழுதித் தொழிற்சாலைக்கும் கொடுத்தேன்.

அக்காவோட கடுதாசியைத் திரும்ப வாங்கிட்டாங்க. எங்க ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒண்ணு வந்துச்சு. நடந்ததை அக்காகிட்ட சொல்லி, திட்டுக்குத் தயாரா நின்னேன். அவங்க தன் கையையே பார்த்துக்கிட்டு சொன்னாங்க: “என் விரல்லதான் கோளாறுன்னு, மூணு நாளா வீட்டில கிளவுஸ் போட்டு போன்ல அழுத்திப் பழகிக்கிட்டிருந்தேன், தம்பி.”

ஒன்பது வருஷமா சம்பளம் வாங்குறேன் சக தலையாட்டிகளே, உருப்படியா வேலை பார்த்தது அந்த ஒரு போன் பேசின நேரம்தான்.