பெரட்டுக்களத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை

மழை பிடித்தால் கூட்டத்தை இடைநிறுத்திவிட்டு மகளுக்குத் தொலைபேசி எடுப்பேன். புதிய உபவேந்தரான எனது இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் மிருதங்கக்காரன். தப்பு அடிக்கும் வீட்டில் பிறந்து, மிருதங்கம் கற்று, விரிவுரையாளராகி, பீடாதிபதியாகி, கடைசியில் இந்த நாற்காலிக்கு வந்தேன். பதவியேற்பதற்கு முந்திய வாரம், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு மகளுடன் போயிருந்தேன். விடாத மழை. காலையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்புக் கண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

எல்லோரையும் வெளியே கூப்பிட, அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்த தப்பை எடுத்து அண்ணன் அடித்தார். ஆள் கூப்பிட அவர் கைக்குத் தெரிந்தது பெரட்டு அடிதான். தினமும் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் அடி. சனம் வந்தது. வழக்கம்போல் பெரட்டுக்களத்தில் போய் நின்றுகொண்டது. களம் வெடிப்புக்கு நேர் கீழே. என் மகளும் பெரியம்மாவுடன் அங்கேதான் நின்றாள்.

"லீவு நாள்ல என்னங்க பெரட்டு?" என்று ஓர் அக்கா கேட்டார். "தோட்டத்துத் தொரைக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"கீழ ஸ்கூலுக்குப் போங்க" என்று அண்ணன் கத்தியது மழையில் கேட்கவில்லை. அவர் அடிக்க அடிக்க, இன்னும் ஆட்கள் களத்துக்கு வந்தார்கள்.

நான் தப்பைப் பிடுங்கி, சாமி ஊர்வலத்து அடியை அடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் நடந்தேன். அந்த அடி கேட்டால் எங்கள் சனம் நிற்காது, பின்னால் நடக்கும். ஆனால் நனைந்த தோல் தொய்ந்து, சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. மகள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சாமிய எங்கப்பா காணோம்?" என்று பின்னால் ஒருவர் கேலி செய்தார்.

"முன்னால போறாருல்ல மாமா, கெம்பஸ் சாமி."

அது என் மகளின் குரல். அப்போதுதான் மூச்சு வந்தது.

பள்ளிக்கூட வாசலை அடைந்த சற்று நேரத்தில் மலை இறங்கிய சத்தம் கேட்டது. களம் இருந்த இடம் மண்ணாகிவிட்டது. தலைகளை எண்ணிப் பார்த்தார்கள், எல்லோரும் வந்திருந்தார்கள்.

"போதும்ப்பா, வந்துட்டோம்" என்று மகள் தப்பை வாங்கினாள். நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கிய என் கை நடுக்கம், பதவியேற்கப் புறப்பட்ட நாளிலும் நிற்கவில்லை.

"கூட்டத்துல நடுங்குனா என்னப்பா செய்வீங்க?" என்றாள் மகள்.

"மேசைக்குக் கீழ வச்சுக்கிறேன்."

"மேலயே வைங்க. பார்த்தா பார்க்கட்டும்."

மேலேதான் வைக்கிறேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.