அக்காவின் ஆறு தட்டு

வீட்டிலிருந்தபடியே, விடியுமுன்பே கம்பெனி வேலையை ஆரம்பித்துவிடுகிறவன் நான். அதனால் மதியச் சோறு முடிந்ததும் கொஞ்சம் கண்ணை மூடுவேன். முழுத் தூக்கம் என்று சொல்ல முடியாது. ரப்பர் இலைகளில் மழை விழுவது கேட்கும். பாறசாலை ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயில் கேட்கும். பக்கத்து அறையில் அக்கா தட்டச்சு செய்வதும் கேட்கும். டக், டக், டக் என்று ஆறு தட்டு, பிறகு நீண்ட அமைதி, மறுபடியும் ஆறு. சில நாள் அது கனவுக்குள்ளும் வந்துவிடும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒரு வீட்டின் கதவை யாரோ பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் விழித்துவிடுவேன்.

அக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். நர்ஸ் வேலை போயிற்று, ஸ்கூட்டர் போயிற்று. மிஞ்சியது எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பொறுப்பு மட்டும். மாதாமாதம் கூட்ட அறிக்கை எழுதி, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பேனா பிடிக்க முடியாததால் என் பழைய லேப்டாப்பைக் கொடுத்தேன். நான் புரோகிராம் எழுதுகிற அதே எடிட்டர் மென்பொருள்தான் அதில் இருந்தது.

"இதும் போச்சுண்ணா நான் வெறும் தீனக்காரியாக்கும்" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். தீனக்காரி என்றால் எங்கள் பக்கத்தில் நோயாளி.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் மலையாளம், வேதாகமம் தமிழ். அக்கா லேப்டாப்பில் இரண்டு மொழிக்கும் விசைப்பலகை அமைப்பு வைத்திருந்தாள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற மறந்துவிடுவாள். 'கூட்டம்' என்று அடித்தால் பாதி மலையாள எழுத்தில் வந்து நிற்கும். அதை அழிக்கத்தான் அந்த ஆறு தட்டு. கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸை அழுத்தினால் ஒரு முழுச் சொல் போக வேண்டும். ஆனால் அந்த எடிட்டருக்குப் புள்ளி, கால், கொம்பு எதுவும் எழுத்தாகவே தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் சொல் முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுகொண்டது. அதனால் ஒரு சொல்லுக்கு ஆறு தட்டு என்று அக்காவுக்குப் பழகிவிட்டது.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. எடிட்டரின் அமைப்புக் கோப்பில், எவையெல்லாம் ஒரு சொல்லுக்குள் சேரும் என்று சொல்கிற வரி ஒன்று உண்டு. அக்கா குளிக்கப் போன நேரத்தில் அதில் தமிழின் எல்லா எழுத்தையும் குறியையும் சேர்த்தேன், மலையாளத்தையும் சேர்த்தேன். இனி ஒரு தட்டுக்கு ஒரு சொல். அவளிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

அன்று மதியமும் ஆறு தட்டு கேட்டது. பழக்கம், போகப் போக மாறிவிடும் என்று புரண்டு படுத்தேன். அக்கா அடித்த சொல்லை மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள், அழிக்கும்போது திரையைப் பார்ப்பவள் இல்லை. கண் முழுக்க விரலில்தான். மாதக் கடைசியில் அறிக்கையை அச்செடுத்தது நான். அப்போதும் ஒரு வரி வாசித்துப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து அக்கா வந்தாள். காகிதத்தை என் முன்னால் போட்டாள்.

"எலே, நீ எனக்க மெஷின்ல என்னத்தச் செய்த?"

வாசித்தேன். மழை காரணமாகப் பெண்கள் கடலோரத்தில், என்று ஒரு வரி அந்தரத்தில் நின்றது. அடுத்த வரியில் யாரோ மரச்சீனிக் கிழங்கோடு ஜெபித்தார்கள். தூக்கத்தில் கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. தப்பான ஒரு சொல்லை அழிக்கத் தட்டிய ஆறில், முன்னால் இருந்த ஐந்து நல்ல சொற்களும் சேர்ந்து போயிருந்தன.

"திருத்தம் உண்டாண்ணு தலைவி கேட்டா. ஒருத்தி வாய் தெறக்கல்ல. மத்த மாசமெல்லாம் வரிக்கு வரி சண்ட பிடிக்கிறவளுவளாக்கும். பாவம்ணு விட்டுட்டாளுவ" என்றாள் அக்கா.

செய்ததைச் சொன்னேன். கை நோகுமே என்றுதான் செய்தேன், இனி ஒரு தட்டே போதும் என்றேன். அக்கா வலது கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். சுட்டுவிரலைக் காட்டினாள்.

"இந்த வெரலாலயாக்கும் தட்டுவேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப ஒண்ணு தட்ட ஏலாது. இப்ப ஆறு தட்டும். அத ஒண்ணாக்கிப் போட்டியே."

பக்கத்து அறையில் படுத்து எத்தனை மதியம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன். எந்தக் கை என்று ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அப்போதே எடிட்டரில் நான் சேர்த்ததையெல்லாம் அழித்தேன்.

"எல்லாம் எனக்க ஓர்மயில உண்டு" என்று அக்கா போன மாத அறிக்கையை நினைவிலிருந்தே மறுபடி அடித்தாள். பத்து நாள் ஆயிற்று. மதியங்களில் நான் படுத்தேன், தூங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த அறிக்கையோடுதான் போனாள்.

திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"போன தடவ ஓட்ட ஓட்டயா வாசிச்சேன், ஒருத்திக்கும் சொல்லத் தோணல்லியாண்ணு கேட்டேன். பின்ன முழுசும் வாசிச்சேன். உடனே ஒருத்தி எழும்புனா. கடப்புறத்துல ஜெபிக்கப் போனப்ப மரச்சீனி அவிச்சுக் கொண்டு வந்தது அவளாக்குமாம், நான் வேற ஆளு பேர எழுதிட்டேனாம். ஒரே சண்ட."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குக் கைதான் விழுந்துது, ஓர்ம விழல்ல, நீ இருடீண்ணேன்."

அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த மிடுக்கை, இந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.