ஆளில்லாமல் வந்த நாய்வண்டி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிப்பதற்கு வசதியாக இருக்கும். போன கார்த்திகை மாதம், பட்டப்பகலில், டென்மார்க்கின் பிராண்டே ஊருக்குப் பக்கத்துக் காட்டுக்குள் வைரவர் எனக்காகத் தன் நாய் வாகனத்தை அனுப்பியிருக்கிறார் என்று நம்பினேன். இத்தனைக்கும் பேய், செய்வினை, சாமி காட்சி எல்லாவற்றையும் நக்கலடித்தே ஐம்பது வயதைத் தாண்டியவன். வைரவர் கோயிலுக்கு நான் போனதெல்லாம் வடைமாலையில் இருக்கும் வடைக்காக மட்டுந்தான்.

என்னை இந்த நாயோட்டப் பைத்தியமாக்கியவள் பிர்கிற். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்பவள். நோர்வேயில் நடக்கும் நெடுந்தூரப் பனிவண்டிப் போட்டியை ஒருநாள் தன் கைபேசியில் காட்டினாள். ஒவ்வொரு வண்டியும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் ஊர்வதைப் பார்த்துப் பார்த்தே ஒரு கிழமை நித்திரையைத் தொலைத்தேன். டென்மார்க்கில் அவ்வளவு பனிக்கு எங்கே போவது? இங்கே நாய்களைச் சக்கர வண்டியில் பூட்டிக் காட்டுப் பாதையில் போட்டி ஓட்டுகிறார்கள். அன்றைய போட்டியில் பிர்கிற்றும் ஓட்டினாள். இரவு வேலை முடிந்த கையோடு நானும் தொண்டனாகப் போய் நின்றேன், கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிய எரிய.

தொண்டர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது ஒன்றுதான். ஆளில்லாமல் வண்டி வந்தால் மறித்துப் பிடி, ஓட்டியவர் பின்னால் எங்கோ விழுந்து கிடக்கிறார்.

துணைக்கு பிரெடெரிசியா நகரிலிருந்து என் நண்பர் குணம் அண்ணை வந்திருந்தார், பாதி எனக்காக, பாதி என் மனைவி பொரித்துக் கட்டித் தந்த இறைச்சி ரோல்சுக்காக. பனிமூட்டமாய்ப் புகார் மூடிக் கிடந்தது. இந்த நாய்கள் புறப்படும்போதுதான் ஊரைக் கூட்டும், ஓடத் தொடங்கினால் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? புகாரைக் கிழித்துக்கொண்டு ஒரு குரைப்புக்கூட இல்லாமல் கறுப்பு நாய்களும், பின்னால் ஒருவருமே இல்லாத வண்டியும் வந்தபோது நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைக்குமேல் கை கூப்பினேன். நம்பினால் நம்புங்கள்.

“டேய் விசரா, சப்பாத்தை ஏனடா கழட்டுறாய்? வண்டியைப் பிடியடா!”

“அண்ணை, வைரவர்...”

“உது பிர்கிற்றின்ரை வண்டியடா! மனுசி எங்கை?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு மயக்கம் தெளிந்தது. அண்ணை பாய்ந்து வண்டியின் பிரேக்கை அழுத்தி, வண்டியோடு கொஞ்சத் தூரம் இழுபட்டு, ஒருவாறு நிறுத்திவிட்டார். கைபேசி வரைபடத்தில் பிர்கிற்றின் புள்ளியைத் தேடிப் பலனில்லை, இடங்காட்டும் கருவி வண்டியில்தான் இருந்தது. மேற்பார்வையாளரை அழைத்தேன். அந்தப் புகாருக்குள் வாகனம் வந்து சேர நேரமாகும் என்றார்கள். பள்ளமெல்லாம் உறைபனித் தண்ணீர். அதற்குள் விழுந்திருந்தால் அவள் அவ்வளவு நேரம் தாங்கமாட்டாள்.

“நான் இதுகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீ ஓடு!”

காலுறையோடு ஓடினேன். கொஞ்சத் தூரத்திலேயே என் வலப்பக்கம் ஒரு நாய் சேர்ந்துகொண்டது. முழங்காலருகே இரைப்பு, கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் சூடான மூக்கு. அண்ணை ஒன்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தடக்கி விழுந்துவிடுவேன் என்று பயந்து குனிந்து பார்க்கவில்லை. “நட ராசா, உன்ரை அம்மாவைக் காட்டு” என்று புலம்பிக்கொண்டே போனேன். அது பாதையை விட்டு இடப்பக்கம் என்னைத் தள்ளியது, நானும் திரும்பினேன். ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளம், இடுப்பளவு தண்ணீரில் பிர்கிற், உதடெல்லாம் நீலம். எப்படி இழுத்து மேலே போட்டேன், எப்படி என் குளிரங்கியைச் சுற்றினேன் என்று கேட்காதீர்கள். என் கூச்சலை வைத்துத்தான் வாகனக்காரர் வந்து சேர்ந்தார்கள்.

திரும்பி வந்து அண்ணையிடம் கேட்டேன், “எந்த நாயை அவிட்டு விட்டனீங்கள்?”

“நாயோ? ஒண்டை அவிட்டிருந்தா மிச்சமெல்லாம் என்னை ஜேர்மனிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். எல்லாம் கட்டினபடி நிக்குது, பார்.”

வலக்கைக் கையுறையை அவர் மூக்கில் பிடித்தேன்.

“நாய் மணக்குதுதான். விடியத் தொடங்கி நாய்களுக்கு நடுவிலை நிண்டவனுக்குச் சந்தனமோ மணக்கும்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நித்திரையில்லாத மூளை நாயையும் காட்டும், நரியையும் காட்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ரோல்சோடு போனபோது பிர்கிற்றிடம் விளையாட்டாகக் கேட்டேன், எந்த நாய் என்னைக் கூட்டிவந்தது என்று. அவள் சிரிக்கவில்லை. நாய் எதையும் தான் காணவில்லை என்றாள். “நீ வலக்கையைத் தாழ்த்திப் பிடித்தபடி, உன் மொழியில் யாரோடோ கதைத்துக்கொண்டு, தனியாகத்தான் வந்தாய்” என்றாள்.

விலா எலும்பு உடைந்திருந்ததால் அவளால் கூப்பிட முடியவில்லை. அந்தப் பள்ளம் பாதையிலிருந்து தெரியாது, பிறகு போய்ப் பார்த்துவிட்டேன். நான் எங்கும் தேடவில்லை, நேராக அவளிடம் போனேன்.