கல்லை எடுத்துரட்டுமா?

இதை யாரும் நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் வத்தலக்குண்டு லாரி மெக்கானிக் பொன்னுவேலுக்கு இது நடந்தது. நேரத்தைக்கூடப் பிசகாமல் சொல்வார். அன்று அத்தனை முறை கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.

1962 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று பெருமாள்மலைக்கு மேலே, இறக்கத்தில் நின்றுவிட்டதாக பஸ் டிரைவர் ஒருவர் வந்து தகவல் சொன்னார். கரும்புகை கக்குகிறதாம், இஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிறதாம். அப்படிப்பட்ட இஞ்சினை நம்பிப் பாரத்தோடு மலை இறங்க எந்த டிரைவருக்கும் துணிச்சல் வராது. இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில்தான் கோளாறு இருக்கும் என்று பொன்னுவேல் நினைத்தார். நல்ல இன்ஜெக்டர் ஒன்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

மணி 3.35-க்கு இடம் வந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். லாரி சரிவைப் பார்த்து நின்றிருந்தது. முன்சக்கரங்கள் உருளாதபடி இரண்டுக்கும் முட்டுக்கல் வைத்திருந்தது.

"வாங்க மேஸ்திரி" என்றபடி டிரைவர் திருமலைச்சாமி கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர். பேச்சுக்குப் பேச்சு 'மேஸ்திரி' போடுகிறவர்.

"கிளீனர் எங்கேண்ணே?"

"இன்னிக்கு வரலே மேஸ்திரி."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பொன்னுவேலுக்கு உறுத்தியது. மலை லாரியில் கிளீனர் இல்லாமல் யாராவது வருவார்களா? முதலாளிக்குத் தெரியாமல் வழியில் மூட்டை இறக்க, பார்க்க ஆள் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருப்பாரோ? நமக்கெதற்கு என்று வேலையில் இறங்கினார். இஞ்சினைக் கிளப்பச் சொல்லி பானட்டைத் தூக்கினார். கேபின் மறைந்துபோனது.

ஆறு சிலிண்டர் இஞ்சின். ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற டீசல் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் நல்லதாக இருந்தால் இஞ்சின் சத்தம் உடனே தொய்ந்துவிடும். தொய்யவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

ஒன்று. தொய்ந்தது. திரும்ப இறுக்கினார்.

"ரேஸ் பண்ணுங்கண்ணே!"

வ்ரூம்...

இரண்டு. தொய்ந்தது.

"ரேஸ்!"

வ்ரூம்...

மூன்று... சத்தம் மாறவே இல்லை. ஆள் அகப்பட்டான். ஆனாலும் மிச்ச மூன்றையும் பார்த்துவிடுவோம் என்று நான்காவதைத் தளர்த்தி இறுக்கினார். ஐந்தாவதையும் இறுக்கிவிட்டு வாயைத் திறந்தார்.

வ்ரூம்...

அவர் இன்னும் சொல்லவே இல்லை.

மனுசனுக்கு வீடு போய்ச் சேர அவசரம்போல, என்று நினைத்துக்கொண்டார். ஆறாவதும் நன்றாகவே இருந்தது.

"மூணுதாண்ணே! நிறுத்துங்க."

இஞ்சின் நின்றது. மணி 4.02.

பைப்பைக் கழற்றினார். மூன்றாவது இன்ஜெக்டரை ஆட்டி ஆட்டி வெளியே உருவினார். நுனியெல்லாம் கரி. புகைபோலத் தெளிக்க வேண்டிய டீசல், சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது.

"கல்லை எடுத்துரட்டுமா?"

கேபின் பக்கமிருந்து குரல். பொன்னுவேலுக்குச் சிரிப்பு வந்தது.

"இருங்கண்ணே. இன்னும் மாட்டவே இல்ல."

புது வாஷர் போட்டு, கொண்டுவந்த இன்ஜெக்டரை இறக்கினார். இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினார்.

"கல்லை எடுத்துரட்டுமா?"

அதே வார்த்தை. அதே இழுப்பு. 'மேஸ்திரி' எங்கே போனது?

பொன்னுவேல் கீழே பார்த்தார். அவர் நிற்பது பம்பருக்கு நேர் முன்னால். முதுகுக்குப் பின்னால் சரிவு. கல் போனால், லாரி முதலில் ஏறுவது அவர்மேல்தான்...

"வேண்டாம்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கிளப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

மணி 4.31. இஞ்சின் கிளம்பியது. புகை இல்லை. தட்டல் இல்லை. ஒரே சீராக ஓடியது.

அந்த இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும்.

ஆனால் குரல் கத்தவில்லை.

மெதுவாக... காதோரத்தில்...

"கல்லை எடுத்துரட்டுமா?"

பொன்னுவேல் பக்கவாட்டில் தாவினார்.

படியில் ஏறினார். கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை.

ஹேண்ட் பிரேக் இறக்கிவிட்டிருந்தது.

கியர் நியூட்ரலில்.

ஆக்சிலேட்டர்... அமுங்கியிருந்தது.

அவர் பார்க்கப் பார்க்க, அது மெல்ல மேலே எழும்பியது.

பனிக்குள்ளிருந்து செருப்புச் சத்தம். சரக்... சரக்... திருமலைச்சாமி தூக்குச்சட்டியில் டீயோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"எப்பண்ணே எறங்குனீங்க?"

"நீங்க பானட்டைத் தூக்குனவொடனே, மேஸ்திரி. சொல்லிட்டுத்தானே போனேன். இஞ்சின் சத்தத்துல கேக்கலையோ..."

"அப்போ கல்லை எடுக்கட்டுமான்னு கேட்டது யாரு?"

எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முன்சக்கரத்துக் கல்லைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

"வேண்டாம்னேன்."

திருமலைச்சாமி நீளமாக மூச்சு விட்டார். லாரியில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். லாரியில் வரச்சொல்லிக் கூப்பிட்டும் பொன்னுவேல் ஏறவில்லை. பெருமாள்மலைக்கு நடந்து போய் பஸ் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு சந்தையில் திருமலைச்சாமி கண்ணில் பட்டார். பொன்னுவேல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"தெரிஞ்சுதானே என்னைய விட்டுட்டுப் போனீங்க? ஏண்ணே சொல்லலே?"

"சொன்னா வேலை செஞ்சிருப்பீங்களா மேஸ்திரி?" அவர் கையை விலக்கக்கூட இல்லை. "இந்த வருசம் மட்டும் நாலு கிளீனர். எல்லார்கிட்டயும் அதே கேள்விதான். மூணு பேரு பயந்து ஓடிட்டாங்க."

"நாலாவது ஆளு?"

"அழகுமலை. போன ஆடியில... பம்பருக்கு முன்னால நின்னு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தான். நான்தான் கேக்குறேன்னு நெனச்சு, 'எடுங்க'ன்னு சொல்லிட்டான்."