பதினோராவது மாடிக்குப் போன பப்பாளித் தட்டு

எங்கள் அடுக்குமாடியில் படிக்கட்டை நம்பியவர் தனேஸ்வரி ஒருவர்தான். சுகாதாரத் திட்டத்துக்காக வீடு வீடாக வந்து, பிள்ளைகள் குண்டாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. தாதி இல்லை, ஆனாலும் தமிழர், மலாய்க்காரர் எல்லோரும் தாதியைக் கூப்பிடுவதுபோல் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, முட்டிவலி. "நானே லிஃப்ட்ல ஏறிட்டு உங்கள நடங்கன்னு எந்த வாயால சொல்றது?" என்பார். மூச்சு வாங்கிக்கொண்டே ஏறுவார். நேர்மையான மனுஷி. அப்படிப்பட்டவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை நாங்கள் ஆறு குடும்பத்தாரும் ஒரே புதன்கிழமையில் கற்றுக்கொண்டோம்.

புதன்கிழமைதோறும் வரும்போது அவர் கையில் ஒரு தாள் இருக்கும். வீட்டில் பழம் உண்டா இல்லையா என்று அதில் ஒரு கட்டம். மூன்று முறை 'இல்லை' விழுந்தால் அந்த வீட்டு அம்மா ஒருநாள் முழுக்க வகுப்பில் போய் உட்கார வேண்டும். அன்றைய சம்பளம் போச்சு. எங்கள் வீடுகளில் டின் பால் இருக்கும், பிஸ்கட் இருக்கும், கீழ்க்கடையில் வாங்கிய வறுத்த மீ நூடுல்ஸ் இருக்கும். இரண்டு வேலை பார்க்கிறவள் பசித்த பிள்ளைக்குப் பப்பாளி சீவிக்கொண்டா இருப்பாள்?

அதனால் நான் ஒரு தட்டு நிறைய நறுக்கி வைத்தேன். இரண்டாம் மாடியில் என் வீடுதான் முதல். மிஸ்ஸி வந்தார், கட்டத்தில் பச்சைக் குறி போட்டார், ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். வந்தவர் எதையும் தொடாமல் போனால் வீட்டுக்காரியின் முகம் வாடிவிடும். இதில் இங்கே எந்த இனத்துக்கும் வித்தியாசம் இல்லை. அவர் படியில் கால் வைத்ததும் தட்டு லிஃப்டில் ஏறிவிடும். அங்கேயும் ஒரு குறி, ஒரு துண்டு. இப்படி ஐந்து வீடு தாண்டி, இரண்டு மூன்று துண்டு மிச்சத்தோடு, பதினோராம் மாடியில் நோர்லேலா வீட்டில் போய் நிற்கும். மிஸ்ஸியின் முட்டிவலி எங்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் கொடுத்தது.

முப்பத்தொரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. ஆறு வீட்டிலும் பழம் தவறவில்லை என்று மிஸ்ஸிக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள்.

நோர்லேலாவின் மகள் பல்கிஸின் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏழு வயது, நாற்பத்தாறு கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், திடுக்கிட்டு எழுவாள். இதற்கு மேல் எடை ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிஸ்ஸிக்கு அந்தப் பிள்ளை மேல் உயிர்.

"பழம் இருக்கு, எல்லாம் இருக்கு. புள்ள மட்டும் ஏன் குணவதி இப்படி?" என்று என்னிடமே கேட்டார்.

"உடல்வாகா இருக்கும் மிஸ்ஸி," என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு புதன்கிழமை லிஃப்ட் நின்றுவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியில் நானே மாடி மாடியாக ஓடினேன். பதினோராம் மாடியில் தட்டை மேசையில் வைத்துவிட்டு நோர்லேலாவின் சமையலறையில் சரிந்தபோது முன்கதவு தட்டப்பட்டது. தட்டில் இரண்டு துண்டுதான் மிச்சம்.

"இன்னிக்கு எனக்கு வேணாம். பல்கிஸ், வாடா கண்ணு, நீ சாப்பிடு," என்றார் மிஸ்ஸி.

பல்கிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன், புடிக்காதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் தின்னதே இல்லயே. இது மிஸ்ஸியோட பழம். தொட்டா அம்மா அடிப்பாங்க."

நோர்லேலா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். மிஸ்ஸி தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார். அங்கே சிவப்பு நகச்சாயத்தில் என் பெயர். தட்டு தொலைந்துவிடக் கூடாதே என்று நானேதான் எழுதியிருந்தேன், அவ்வளவு முன்யோசனைக்காரி.

"குணவதி, வெளிய வாங்க. அடுப்படியில யாரோ மூச்சு வாங்கறது எனக்கும் கேக்குது."

திட்டு வாங்கத் தயாராக வந்து நின்றேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வீட்டுக்கு ஒரு துண்டு தின்னிருக்கேன். இந்தப் புள்ளயோட பங்கயும் நானே தின்னிருக்கேன்."

"எங்க தப்பு மிஸ்ஸி."

"பாதிதான் உங்க தப்பு. தட்டப் பாத்தேன், புள்ள வாயப் பாக்கல. அது என்னோடது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே தட்டு தினமும் மேல வரணும். நான் எடுக்க மாட்டேன். வீட்டுக்கு ரெண்டு துண்டு நீங்க போடணும். இங்க வர்றப்ப நெறஞ்சிருக்கணும். காலித் தட்ட பல்கிஸ் படியிறங்கி உங்க வீட்ல குடுத்துட்டு, படியேறி வரட்டும்."

"மிஸ்ஸி ஒண்ணும் தொடாமப் போனா எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமே?" என்றாள் நோர்லேலா.

"இருக்கட்டும்லா. கொஞ்ச நாள் கஷ்டப்படுங்க."

அந்த வாரத்திலிருந்து தாளில் உண்மையை எழுதினார்: தட்டு போய்ச் சேரும் நோர்லேலா வீட்டில் மட்டும் 'உண்டு', மற்ற ஐந்து வீட்டில் 'இல்லை'. மூன்றே வாரத்தில் நாங்கள் ஐந்து பேரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். இடைவேளையில் எண்ணெயில் பொரித்த கறிபாப்பும் சர்க்கரை தூக்கலான தேநீரும் கொடுத்தார்கள். மரியாதைக்காக ஆளுக்கு இரண்டு தின்றோம். மிஸ்ஸிக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த அடுக்குமாடியின் நிலை திடீரென்று சரிந்துவிட்டதாம். முன்பு இங்கே சிறப்பாகப் பணியாற்றியவர் கையாண்ட முறையைக் கேட்டறிந்து பின்பற்ற வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு மிஸ்ஸி சிரித்த சிரிப்பில் படிக்கட்டிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

நான்காம் மாதம் பல்கிஸை நிறுத்துப் பார்த்தார்கள். அதே நாற்பத்தாறு, ஒரு கிராம் கூடவில்லை. உயரம் மட்டும் ஒரு விரல் கூடியிருந்தது.

"ஒரு வாரமா முழிக்காம தூங்கறா மிஸ்ஸி," என்றாள் நோர்லேலா. "பயந்துபோய் நான்தான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன்."

மிஸ்ஸி தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை தேடினார். திருப்பியும் பார்த்தார். 'பிள்ளை தூங்கினாள்' என்று எழுத அதில் கட்டமே இல்லை. ஓரத்தில் வெறுமையாக இருந்த இடத்தில், பச்சை மையால், கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.