இடது பாக்கெட்

பகல் பன்னிரண்டு நாற்பது. நூல் மூன்றாவது முறையாக அறுந்தது.

அறுந்த முனையை எச்சில் தொட்டு முறுக்கி, மறுபடி தையல் மெஷின் ஊசிக்கண்ணில் நுழைத்தேன். ஒன்றேகாலுக்கு என் வீட்டுக்காரர் பழனிவேல் சைக்கிளை எடுத்தாக வேண்டும். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக மண் வெட்டிக்கொண்டிருந்தவர், அன்று இரண்டு மணி ஷிப்ட்டிலிருந்து மேஸ்திரி; கான்ட்ராக்டரே கூப்பிட்டுக் கொடுத்தது. மேஸ்திரி காக்கிச் சட்டையில்தான் வரவேண்டும் என்பது கான்ட்ராக்டர் உத்தரவு. சட்டை முடிந்துவிட்டது. இடது பாக்கெட் மட்டும் பாக்கி.

இது 1982, தை மாதம், சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான வடக்குத்தில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. கதை விடுகிறாள் என்பவர்கள் நேரில் வரலாம். அந்தப் பாக்கெட்டின் காக்கித் துண்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

"இன்னா மாணிக்கம், முடிஞ்சுதா இல்லியா?" வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நூலு அறுந்துகினே இருக்குதுங்க."

"பழைய மெசினு வாங்காதன்னேன். கேட்டாதான?"

மெஷின் வாங்கிப் பதினைந்து நாள்தான். பக்கத்து வீட்டு சாமியம்மாள் சொல்லி, நானே போய்ப் பேசி, மாட்டுவண்டியில் ஏற்றிவந்தது. அதுவரை ஒரு தையல்கூட விட்டதில்லை.

நூல் அறுந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நூல்கண்டிலிருந்து ஊசி வரை புதிதாகக் கோத்தேன். டென்ஷன் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். ஒரு கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி தையல் விழுந்தது.

காக்கியை வைத்தேன். நாலு தையல். பட்... அறுந்தது.

அதே இடம். பாக்கெட்டின் கீழ் மூலை.

பன்னிரண்டு ஐம்பது. ஊசி மழுங்கியிருக்கும் என்று புது ஊசி மாட்டினேன். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை இறக்கினேன்.

டங்.

ஊசி இரண்டாக முறிந்தது. துணியில் குத்திய சத்தம் இல்லை அது. பித்தளைப் பாத்திரத்தில் பட்ட சத்தம். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினேன்.

ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கடைசியாக, அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றினேன். காலையில்தான் துடைத்து எண்ணெய் விட்டிருந்தேன். இப்போது அதற்குள் மண். பழுப்பு மண். ஈரமாக இருந்தது. மழை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முகர்ந்து பார்த்தேன்... தினமும் அவர் சட்டையைத் துவைக்கும்போது வருகிற சுரங்க வாடை.

"இத வந்து பாருங்களேன்."

வந்தார். பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யார் வூட்டு மெசினு இது?"

"முத்தாண்டிக்குப்பத்துல ஒரு பொம்பளகிட்ட வாங்கனன். ஏங்க?"

வாசலுக்குப் போய்விட்டார். சைக்கிளைத் துடைக்கும் சத்தம் அதன் பிறகு கேட்கவில்லை.

ஒன்று ஐந்து. மண்ணைத் தட்டிவிட்டு பாபினை மாட்டினேன். புது ஊசி. நூல் கோக்கக் குனிந்தேன்.

சக்கரம் சுற்றியது.

என் கால் பெடலில் இல்லை. இரண்டு காலையும் ஸ்டூலுக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

பெடல் மட்டும் மேலும் கீழும்... மேலும் கீழும்...

டக். டக். டக்.

நூல் இல்லாத ஊசி பாக்கெட்டைக் குத்திக்கொண்டே போனது. துணி தானாகத் திரும்பியது. யாரோ எதிரில் உட்கார்ந்து பொறுமையாகத் திருப்புகிற மாதிரி.

நின்றது.

ஒன்று பத்து.

சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டைகள். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். அதன் மேல் விளிம்பில் பெரிதாக ஒரு துளை. வட்டத்துக்குள் எண்கள்.

3... 1... 7.

சுரங்கத்துக் கூலிக்காரன் பெண்டாட்டி எவளுக்கும் அது என்னவென்று தெரியும். டோக்கன். பித்தளை வில்லை. கான்ட்ராக்ட் ஆள் உள்ளே இறங்கும்போது பலகை ஆணியில் மாட்ட வேண்டும், ஏறி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

அவர் டோக்கன் 290.

என் தோளுக்கு மேலாக அவரும் பார்த்தார். கொடியில் கிடந்த பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டெய்லரிடம் வேறு பாக்கெட் வைத்து மேஸ்திரியும் ஆகிவிட்டார்.

மூன்றாம் நாள், மெஷினைப் பற்றிக் கேட்க முத்தாண்டிக்குப்பம் போனேன். விற்றவள் பெயர் கனகம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"நல்லா தெச்சுகினு இருந்த மெசினாச்சுங்களே. எங்க வூட்டுக்காரருக்குக் காக்கி சட்டை அதுலதான் தெப்பேன்."

"அவரு எங்கங்க?"

"ஐப்பசியில மண் சரிஞ்சுதே, அன்னிக்கு வேலைக்குப் போனாருங்க. சோறு கட்டிக் குடுத்தனுப்புனவ நான். வரவே இல்லன்னுட்டாங்க. பலகையில டோக்கன் இல்லியாம், அதனால மேல ஏறி வந்துட்டாராம். எவளோடயோ ஓடிட்டாருன்னு ஊர்ல பேச்சு. மண்ணத் தோண்டிக்கூடப் பாக்கல."

நெற்றிப் பொட்டை விரலால் தொட்டுக்கொண்டாள்.

"பொட்ட அழிக்கவா வைக்கவான்னு தெரியாம வெச்சுகினு இருக்கேன். ஒரு வில்லைங்க. அத எவனோ ஆணியிலருந்து கழட்டிட்டான். அது கெடைச்சா போதும், தோண்டுங்கன்னு போய்க் கேப்பேன்."

"நம்பரு ஞாபகம் இருக்குதா?"

"முந்நூத்திப் பதினேழு. பேரு கலியன்."

அதற்குப் பிறகு அந்த மெஷின் எந்தத் துணியிலும் தகராறு செய்ததில்லை. காக்கியை மட்டும் இன்றுவரை அதில் வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் சட்டைகள் டெய்லரிடம் போகின்றன. ஏன் என்று அவரும் கேட்பதில்லை.

ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

பாக்கெட்டில் எண் விழுந்த அன்று, அவர் சைக்கிளில் போனதும் அவருடைய பழைய சோற்றுப் பையை எடுத்து உதறினேன். அடியில் ஒரு தையல். நான் போட்டதில்லை. தைக்கத் தெரியாத கை, கறுப்பு நூலில் கோணல்மாணலாகப் போட்டது. பிளேடால் பிரித்தேன். உள்ளே பித்தளை வில்லை, 317.

கனகம் எண்ணைச் சொன்னபோது, அந்த வில்லை என் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் வீட்டுக்காரருடையதாக இருந்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன்.

முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.