மகன் பார்த்துக்கொள்ளும் அப்பா

குத்துக்கல்வலசை முத்துச்செல்வியின் அப்பா உச்சிமாகாளி, ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே எவளோ என்று ஏசுவார். அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவள்தான். புருஷன் ராணுவத்தில், எல்லையில். அவளுக்கோ கர்ப்பப்பையில் கட்டி. உடனே எடுக்கணும் என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்றாகிவிட்டது. சென்னையில் இருக்கும் தம்பி வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டால்தான் அவள் ஆஸ்பத்திரியில் படுக்க முடியும். தம்பிக்கு நேரமே கிடைக்கவில்லை.

சாரல் தொடங்கியதும் அந்தத் தம்பி தானாகவே வந்து இறங்கினான், கேமராவோடு. வீரபாகு என்று பெற்றவர் வைத்த பேரை ‘வீர்’ என்று நறுக்கிக்கொண்டவன். அப்பாவின் நோயைப் பற்றி ஆவணப்படமாம். முத்துச்செல்விக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். படம் முடியட்டும் என்றான். இது ஒரு மகனின் பயணம், அதனால் பிரேமுக்குள் வந்துவிடாதே என்றும் பதமாகச் சொல்லிவைத்தான்.

அவள் கதவுக்குப் பின்னால் நின்று சோறு பிசைந்து கொடுக்க, அவன் கேமராவுக்கு முன்னால் ஒரு வாய் ஊட்டினான். நோகாமல் நுங்கு தின்பது இதுதான். பிறகு அப்பாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்ச் சாரலில் நிறுத்தி, "நான் யாருன்னு தெரியுதாப்பா?" என்று கண்ணீரோடு கேட்டான். சீசன்தோறும் அங்கே விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர் அல்லவா, மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரா இருந்தா என்னவே, வரிசையில வாரும்."

எத்தனை தடவை எடுத்தாலும் அதே பதில்தான். கடைசியில் பிடரியைப் பிடித்துத் தள்ளியும் விட்டார்.

மறுநாள் காலை வீட்டில் குரல் பதிவு. தம்பி தழுதழுப்பது அடுப்படிவரை கேட்டது: "அப்பா இப்போது என் குழந்தை. அவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்."

முத்துச்செல்விக்கு ஆத்திரம் பொங்கியது. அடுப்பை அணைத்தாள். ரெண்டு நைட்டியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பையில் திணித்துக்கொண்டு தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினாள். ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கிற வரைக்கும் திரும்ப மாட்டேன் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

தம்பி கேமராவும் கையுமாக ஓடிவந்தான். பட்டணத்துப் பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஏக்கா, அப்பா பாத்ரூம் போணுங்காவ. நான் என்ன செய்ய?"

"கேமராவக் கீழ வச்சிட்டு, அவிய கையப் பிடிலே."